நடுக்கம்பு வேண்டாமென்று சொன்னவன்

அண்ணியின் குசினி லாச்சியில் அகப்பைக்கும் ரொட்டிக்கட்டைக்கும் நடுவே ஒரு ரசமட்டம் கிடக்கும். மேசன்மார் சுவர் எழுப்பும்போது வைத்துப் பார்ப்பார்களே, பச்சைத் தண்ணீருக்குள் ஒரு குமிழ் அங்குமிங்கும் ஓடுமே, அதேதான். சிட்னிக்கு வந்த புதிதில் நார்த்மீட்டில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். ஒருநாள் கரண்டி தேடி லாச்சியை இழுத்துத் திறந்தபோது அதைக் கண்டு சிரித்துவிட்டேன். "என்ன அண்ணி, வீடு கட்டப்போறீங்களோ?" என்று கேட்டேன். அண்ணி முட்டை அடிப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "வீடு கோணினா ஒருத்தருக்கும் தெரியாது தம்பி. கேக் கோணினா முந்நூறு பேருக்குத் தெரியும்." ஒவ்வொரு கேக்கின் தலையிலும் அதை வைத்துப் பார்ப்பார். குமிழ் நடுவில் நின்றால்தான் அடுத்த தட்டு மேலே ஏறும். பிறகு அதைக் கழுவித் துடைத்துத் திரும்ப லாச்சிக்குள் போட்டுவிடுவார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்து வாசிப்பவரைக் காக்கவைக்கும் கெட்டித்தனம் எனக்கு வேண்டாம். அண்ணியின் கேக்கைப் பற்றி ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் நான் ஒரு பொய் சொன்னேன். நாலைந்து சொற்கள்தான். மண்டபம் அதை நம்பியது. அதைவிட மோசம், அண்ணியும் நம்பினார். எட்டு வருடமாக நம்பினார். அந்தப் பொய்யைத் திருப்பி எடுக்க நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன். திருப்பி எடுத்தேனா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

நான் இஞ்சினியர். ஊருக்கு ரெலிபோன் எடுத்தால் பாலம் கட்டுகிறேன் என்று சொல்வேன். உண்மையில் மதகு. மழைத்தண்ணீர் றோட்டுக்குக் கீழால் ஓட ஒரு கொங்கிரீட் பெட்டி, எப்போதாவது பூங்காவுக்குள் ஆட்கள் நடந்து கடக்க ஒரு சின்னப் பாலம், அவ்வளவுதான். ஆனால் நமது சனத்துக்கு இஞ்சினியர் என்றால் இஞ்சினியர்தான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் ஒருவர் சுவர் வெடிப்பைப் பற்றிக் கேட்பார், இன்னொருவர் கராஜுக்கு மேலே அறை எழுப்பலாமா என்று கேட்பார். எனக்கும் அது பிடித்திருந்தது. தெரிந்ததற்கும் பதில் சொல்வேன், தெரியாததற்கும் பதில் சொல்வேன். கையைக் கட்டிக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்து "ம்ம்" என்று இழுத்தால் பாதி மரியாதை வந்துவிடும்.

அந்த இஞ்சினியரை உண்டாக்கியதில் அண்ணிக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கே என் படிப்பை ஏற்கச்செய்ய இரண்டு வருடம் அவர்கள் வீட்டு மேசையிலிருந்து திரும்பப் படித்தேன். அண்ணன் பஸ் ஓட்டினார். அண்ணி முதியோர் இல்லத்தில் வேலை; நாள் முழுக்கக் கிழவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். வந்ததும் என் மேசைக்குத் தேத்தண்ணி வரும். யாராவது வந்து சத்தமாகக் கதைத்தால், "மெல்லக் கதையுங்கோ, தம்பி படிக்கிறார்" என்பார். சண்டையும் இடம்பெயர்வுமாக அவருடைய பள்ளிக்கூடம் இடையில் நின்றுபோனது. அதனாலோ என்னவோ படிப்பு என்றால் அவருக்கு ஒரு பயபக்தி. என் அண்ணன் சொல்வதை அண்ணி ஒருநாளும் அப்படியே கேட்டது கிடையாது, பத்துக் கேள்வி கேட்பார். நான் சொன்னால் மட்டும் கேட்டுவிடுவார். எனக்கு அது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று அப்போது உறைக்கவில்லை.

அண்ணிக்கு ஊர் மன்னார்ப் பக்கம். கலியாணக் கேக் செய்யும் வீட்டில் பிறந்தவர். ஆனால் அங்கே கலியாணக் கேக் என்பது முக்கால்வாசி ரெஜிபோம்தான். ரீவி வாங்கினால் பெட்டிக்குள் வைத்து வருமே, அந்த வெள்ளைக் கட்டி. அதை வட்டமாக வெட்டி, மேலே ஐசிங் பூசி, பூ வைத்து, ஐந்து தட்டு ஆறு தட்டு என்று அடுக்கி நிறுத்துவார்கள். மாப்பிள்ளையும் பொம்பிளையும் கத்தி வைக்கிற தட்டு மட்டும் உண்மையான கேக். சனத்துக்குக் கொடுப்பது தனியாகச் சுட்டு, துண்டு போட்டு, மினுங்கல் கடதாசியில் சுற்றிய ரிச் கேக். ரெஜிபோம் எதையும் தாங்கும். அதனால் கேக் எப்படிக் கேக்கைத் தாங்கும் என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை.

இங்கே வந்தபிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எல்லாத் தட்டும் உண்மையாக இருக்கவேண்டும். அண்ணி முதலாவதாக அடுக்கிய மூன்று தட்டுக் கேக் வீட்டு மேசையிலேயே அமுங்கி, கீழ்த்தட்டின் வயிறு பிதுங்கிப் போனதாம். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அண்ணி விடவில்லை. எங்கும் போய்ப் படிக்காமல் சுட்டு, அடுக்கி, விழுத்தி, தானே கண்டுபிடித்தார். ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் அதன் அளவுக்கு ஒரு தடித்த அட்டை. கீழ்த்தட்டுக்குள் நேராகக் குத்தி இறக்கிய ஏழெட்டு மரக்கம்புகள். எல்லாமே கேக்கின் உயரத்துக்கு மயிரிழை பிசகாமல் வெட்டியவை. மேல்தட்டின் பாரம் அட்டையில் இறங்கி, அட்டையிலிருந்து கம்பில் இறங்கி, மேசைக்குப் போய்விடும். கேக்குக்குத் தெரியவே தெரியாது தனக்கு மேலே ஒருவர் குந்தியிருக்கிறார் என்று. கடைசியாக, எல்லாத் தட்டும் ஏறியபிறகு, ஒரு நீட்டுக் கம்பை நுனி கூராகச் சீவி, உச்சியிலிருந்து அடிவரை எல்லா அட்டைகளையும் துளைத்துக்கொண்டு சுத்தியலால் அடித்து இறக்குவார். அதற்குத்தான் நடுக்கம்பு என்று பெயர். சின்னக் கம்புகள் அமுங்காமல் காக்கும், நடுக்கம்பு வழுக்காமல் காக்கும். மேலே உள்ள ஓட்டையைப் பூ வைத்து மறைத்துவிடுவார்.

நான் தனிவீடு போய், எனக்கொரு மகளும் பிறந்து வளர, அண்ணியின் கேக்குக்கும் மெல்ல மெல்லப் பெயர் வந்தது. ஆதிநற்கருணை, பிறந்தநாள், வெள்ளிவிழா என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதாவது ஒன்று இருக்கும். இடுப்பு வலி கூடிக்கொண்டே வந்ததால் முதியோர் இல்லத்து வேலையை விட்டுவிட்டு, பிளாக்டவுன் பக்கம் ஒரு சின்னக் கடை எடுத்துக் கேக்கை மட்டும் செய்யவேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒரு கடையைப் பார்த்தும் வைத்திருந்தார். போய்வரும்போதெல்லாம் அதன் கண்ணாடிக்குள் எட்டிப் பார்ப்பாராம். அந்த நேரத்தில்தான் நான் ஒரு பெரிய கலியாண ஓடர் கொண்டுவந்தேன். எங்கள் கோயிலில் எல்லாருக்கும் தெரிந்த குடும்பம். மணப்பெண்ணின் தாயை நாங்கள் அன்ரி என்று கூப்பிடுவோம். நாலு தட்டு, எல்லாமே உண்மை. மகள் கேட்டபடி கீழ் மூன்றும் பட்டர் கேக், தாய் கேட்டபடி உச்சியில் ரிச் கேக். ரிச் கேக் என்றால் கஜுவும் முந்திரிகை வத்தலும் சீனிப்பாகில் ஊறின பூசணித் தோசியும் இறுகின பாரக்கட்டி. அதைக் கொண்டுபோய் மெல்லிய கேக்கின் தலையில் வைக்கச் சொல்வது நமது சனத்தால் மட்டும்தான் முடியும். அண்ணி சிரித்துக்கொண்டே, "வைப்பம், கம்பைக் கூட்டிப் போடுவம்" என்றார். அந்த மண்டபத்துக்கு வரப்போகிற சனம் முழுவதும் தன் கேக்கைப் பார்க்கும், அதன்பிறகு கடையை எடுக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தது எனக்குத் தெரியும்.

அண்ணி வழமையாக மண்டபத்தில் வைத்துத்தான் அடுக்குவார். அன்றைக்கு மண்டபத்தில் எங்களுக்கு முன்னால் வேறொரு நிகழ்ச்சி இருந்ததால் அரை மணித்தியாலம்தான் கிடைக்கும் என்றார்கள். ஆகவே வீட்டில் அடுக்கிக் காரில் கொண்டுபோக வேண்டியதாயிற்று. கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அன்ரி ரெலிபோன் எடுத்தபோது நானும் குசினியில் நின்றேன். அண்ணி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எப்படிச் செய்யப்போகிறார் என்று விளக்கினார். நடுக்கம்பு என்றதும் அன்ரி திடுக்கிட்டுப் போனார். "என்ன, கலியாணக் கேக்கை உச்சியால குத்திறதோ? சுத்தியலால அடிச்சோ? ஐயோ, வேண்டாம் பிள்ளை, என்ர மனதுக்குச் சரியா இல்லை. நல்ல காரியம் நடக்கேக்க அப்பிடிக் குத்தாதேங்கோ." அண்ணி பொறுமையாக மறுபடியும் சொல்லப் பார்த்தார். அன்ரி விடவில்லை. அப்போதுதான் இந்த மேதாவி வாயைத் திறந்தான். "அன்ரி, நான் கதைக்கிறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. பாரம் எல்லாம் நேர கீழதான் இறங்குது. சின்னக் கம்பு ஒண்டே என்னைத் தாங்கும். நடுக்கம்பு தேவையே இல்லை, இஞ்சினியர் நான் சொல்லுறன்." அன்ரிக்குச் சந்தோசம். "அதுதானே, படிச்ச ஆள் ஒராள் பக்கத்தில நிண்டா நல்லது" என்றார். எனக்குக் காது குளிர்ந்தது.

ரெலிபோனை வைத்தபிறகு அண்ணி சொன்னார்: "தம்பி, உங்கட பாலம் ஒரு இடத்தில நிக்கும். என்ர கேக் கார்ல போகும்." நான் சிரித்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் வண்டி பிரேக் பிடித்தால் கிடையாக ஒரு விசை வரும் என்பது முதலாம் வருடம் படிப்பவனுக்கே தெரியும். என் வேலையில் வாரத்துக்கு ஒருமுறையாவது அதைக் கணக்கிடுகிறவன் நான். அண்ணி அதைத்தான் ஒரே வரியில் சொன்னார். என் மண்டைக்குள் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் அன்ரிக்குத் திரும்ப ரெலிபோன் எடுத்து நான் சொன்னது பிழை என்று சொல்லியிருக்க மாட்டேன். "என்னில நம்பிக்கை இல்லையோ அண்ணி?" என்று கேட்டேன். அவர் சின்னக் கம்புகளை எடுத்து அளக்கத் தொடங்கினார்.

சனிக்கிழமை நல்ல வெயில். வழமையாகக் கேக் கொண்டுபோவது அண்ணன்தான். பஸ்ஸில் நிற்கிற கிழவிகள் ஆடாமல் ஓட்டிப் பழகியவர், பிரேக் பிடிப்பதே தெரியாது. அன்றைக்கு அவருக்கு வேலை, ஆகவே நான் ஓட்டினேன். ஸ்ரேஷன் வாகனின் பின்பக்கத்தில் வழுக்காத விரிப்பைப் போட்டுக் கேக்கை வைத்திருந்தோம். காருக்குள் ஏசியை முழுதாக விட்டிருந்தோம். பாதித் தூரம் ஒரு கரைச்சலும் இல்லை. ஒரு ரவுண்டபவுட்டில் பக்கத்துக் கார் ஒன்று திடீரென்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணி மட்டும், "தம்பி, ஒருக்கா ஓரமா நிப்பாட்டுங்கோ" என்றார். பின்கதவைத் திறந்து பார்த்தோம். உச்சியில் இருந்த ரிச் கேக் இரண்டு விரலளவு முன்னுக்கு வந்திருந்தது. அதற்குக் கீழே ஐசிங்கில் ஒரு கீறல். உள்ளே கம்புகள் சரிந்துவிட்டன என்று அண்ணிக்குப் பார்த்தவுடனே விளங்கிவிட்டது.

அவர் தன் பெரிய கைப்பையைத் திறந்தார். உள்ளே பத்திரிகையில் சுற்றிய நடுக்கம்பும் சின்னச் சுத்தியலும் இருந்தன. நான் வேண்டாம் என்று சொன்னபிறகும் எடுத்து வைத்திருக்கிறார். "கழட்டித் திரும்ப அடுக்கிப்போட்டு, இப்பவாவது இதை அடிப்பம் தம்பி. பத்து நிமிசம் தாங்கோ." நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். நேரம் இருந்தது. நேரம் இல்லை என்று அண்ணியிடம் சொன்னேன். உண்மைக் காரணம், அன்ரி மண்டபத்து வாசலிலேயே நிற்பார், உச்சிப் பூவுக்கடியில் ஓட்டையைக் கண்டால் என் சொல்லுக்கு என்ன மதிப்பு என்ற நினைப்பு. "இரண்டு விரல்தானே அண்ணி, பூவால மறைச்சுவிடலாம்" என்றேன். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். பிறகு கம்பைத் திரும்பப் பத்திரிகையில் சுற்றினார்.

பூவால் மறைத்தோம். கேக் மண்டபத்தின் நடுவே வடிவாகத்தான் நின்றது. ஆட்கள் வந்து படம் எடுத்தார்கள். அண்ணி சேலை மாற்றிக்கொண்டு வந்து ஓர் ஓரக் கதிரையில் இருந்தார். கண் கேக்கைவிட்டு அசையவில்லை. மாப்பிள்ளையும் பொம்பிளையும் உள்ளே வரும்போது பாட்டைப் போட்டார்கள், எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்து ரிச் கேக் மெதுவாக முன்னுக்குக் குனிந்தது. விழவில்லை, குனிந்தது. அதன் பாரத்தில் அதற்குக் கீழிருந்த தட்டின் ஒரு பக்கம் உடைந்து திறந்தது. பிறகுதான் எல்லாமாகச் சேர்ந்து மேசையில் சரிந்தது. பாட்டு தொடர்ந்து ஒலித்துக்கொண்டிருந்தது. பொம்பிளை வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். எத்தனை ரெலிபோன்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன என்று நான் எண்ணவில்லை.

அன்ரி ஓடிவந்தார். அண்ணி அதற்குமுதலே மேசையடியில் நின்று வெறும் கையால் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். மேசையைச் சுற்றிப் பெரிய கூட்டம். அன்ரி அண்ணியிடம் ஒன்றும் கேட்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "தம்பி, நீங்கள் இஞ்சினியர். சொல்லுங்கோ, என்ன நடந்தது?" எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நடுக்கம்பு போடாததுதான் காரணம், போட வேண்டாம் என்றது நான்தான் என்று சொல்ல அந்த இடத்தில் எனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு, சரிந்த கேக்கைக் குனிந்து பார்த்து, "ம்ம்" என்று இழுத்தேன். பிறகு, "கேக் கொஞ்சம் சொவ்ட்டாப் போச்சுது அன்ரி" என்றேன்.

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்திருந்தால் இன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் முகத்தில் இருந்தது யோசனை. கையில் இருந்த துண்டு அவ்வளவு மென்மையா என்று விரலால் அமத்திப் பார்த்தார். மறுநாளே அந்தப் படம் எல்லாருடைய ரெலிபோனுக்கும் போய்விட்டது. "கேக் சொவ்ட்டாம், இஞ்சினியரே சொன்னவர்" என்ற செய்தியும் கூடவே போனது. அடுத்த மாதங்களுக்கு இருந்த ஓடர்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒருவரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைக்கு வேறு விருப்பமாம், கடையில் எடுக்கிறார்களாம் என்று ஒவ்வொரு சாட்டு. அண்ணி முதியோர் இல்லத்தில் மேலதிக நாட்கள் கேட்டு வாங்கினார். பிளாக்டவுன் கடையை வேறு யாரோ எடுத்தார்கள்.

அவர் கேக் செய்வதை ஒரேயடியாக நிறுத்தவில்லை. அதுதான் என்னை அதிகம் வதைத்தது. டிசெம்பரில் நத்தாருக்கும் பிறந்தநாட்களுக்கும் வீட்டுக்குப் போனால் ஒரு தட்டுக் கேக் மேசையில் இருக்கும். முதல் வருடம் வாயில் வைத்தபோதே வித்தியாசம் தெரிந்தது. பட்டரைக் குறைத்து மாவைக் கூட்டியிருந்தார். அடுத்த வருடம் இன்னும் இறுக்கம். "இப்ப நிக்கும் போல கிடக்கு, என்ன தம்பி?" என்று என்னிடம்தான் கேட்பார். ஒரு தட்டுக் கேக் நிற்காமல் எங்கே போகும்? காய்ந்த கேக்கைத் தேத்தண்ணியோடு விழுங்கிக்கொண்டு "நல்லாயிருக்கு அண்ணி" என்பேன். வருடத்துக்கு மூன்று முறை, எட்டு வருடம். உண்மையைச் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன் என்று எழுத ஆசை. அது பொய். நான் வாயெடுக்கவே இல்லை. நாள் போகப்போக மறந்துவிடும் என்று இருந்தேன்.

போன வருடம் என் மகளுக்குக் கலியாணம் பேசி முடித்து, செய்தி சொல்ல நார்த்மீட்டுக்குப் போனோம். மகள் அண்ணியைக் கட்டிப்பிடித்து, "பெரியம்மா, யூ ஹாவ் டு மேக் மை கேக். பிளீஸ்" என்றாள். அண்ணி அவள் கன்னத்தைத் தடவினார். "என்ர கேக் நிக்காது பிள்ளை. ஒரு தட்டெண்டாப் பரவாயில்லை. அடுக்கிறதுக்குச் சரிவராது. அப்பாட்டக் கேளும், அவருக்குத் தெரியும்." குத்திக்காட்டுகிற தொனி ஒரு சொட்டும் இல்லை. மகளுக்கு என்மேல் இருக்கிற நம்பிக்கையைப் போலவே அண்ணிக்கும் இருந்தது. மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை.

அண்ணி தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனபோது பின்னாலேயே போனேன். கதவைச் சாத்தினேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேக்கில் ஒரு பிழையும் இருக்கவில்லை, வழுக்கியதுதான் காரணம், எனக்கு அது அன்றைக்கே தெரியும், றோட்டோரத்தில் நேரமும் இருந்தது, வேண்டுமென்றேதான் பொய் சொன்னேன். அண்ணி கேத்திலைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் கொதித்துத் தானாக நின்றது. அழுவார், அல்லது அறைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒரு கேள்விதான். "அப்ப நான் பட்டரைக் குறைச்சது?"

"மன்னியுங்கோ அண்ணி" என்றேன். அவர் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் தேத்தண்ணியை ஊற்றி முடித்தார். பிறகு சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். "அண்டைக்கு இதைக் குசினிக்குள்ள வைச்சோ சொன்னனீங்கள் தம்பி?" என்று கேட்டார். தேத்தண்ணித் தட்டை எடுத்துக்கொண்டு அவரே கதவைத் திறந்து வெளியே போனார். மகளிடம் மறுபடியும், தன்னால் ஏலாது, நல்ல கடை ஒன்றில் எடுக்கச் சொன்னார்.

சரி, சபையில் சொன்னதைச் சபையில்தான் திருப்பி எடுக்கவேண்டும். மகளின் கலியாண மண்டபத்தைவிட வேறு சபை ஏது? அதே சனம், அதே அன்ரி. தகப்பன் பேசவேண்டிய பேச்சை மூன்று முறை எழுதினேன். அண்ணியைப் பற்றிய பகுதி நேராக, சுருக்கமாக, ஒரு பகிடியும் இல்லாமல் இருந்தது. கடதாசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அண்ணி வந்ததும் முதல்வேலையாகக் கடைக் கேக்குக்குக் கிட்டப்போய்க் குனிந்து பார்த்தார். "நல்லாச் செய்திருக்கினம். நடுக்கம்பு போட்டிருக்கு" என்றார். ஓட்டை எங்கே மறைந்திருக்கிறது என்று அவர் கண்டுபிடித்தது அண்ணனுக்குப் பெருமையாக இருந்தது.

மைக்கைப் பிடித்தேன். "எல்லாரும் என்னை இஞ்சினியர் எண்டு சொல்லுறனீங்கள். என்ர இஞ்சினியரிங்கால ஒரு கலியாணக் கேக்கே விழுந்தது, உங்களில கனபேர் கண்டனீங்கள்" என்று தொடங்கினேன். சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் நான் தப்பிக்க ஒரு வழி தெரிந்தது. கடதாசியை எடுக்கவில்லை. கம்பு வேண்டாம் என்று இஞ்சினியர் எப்படிச் சொன்னான் என்று குரலை மாற்றிச் சொல்லிக்காட்டினேன். கேக் எப்படிக் குனிந்தது என்று என் முழங்காலை மடித்துக் காட்டினேன். மண்டபம் அதிர்ந்தது. "அண்ணியின்ர கேக்கில ஒரு பிழையும் இல்லை, பிழை முழுக்க என்ரதான்" என்று நான் சொன்ன இடத்தில் கைதட்டல் வானைப் பிளந்தது. அன்ரி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. மேசைவிரிப்பின் நுனியை நீவிக்கொண்டு இருந்தார்.

சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது எனக்குப் பின்னால் அன்ரி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. "பாருங்கோ, என்ன நல்ல மனிசன். கேக் பிழைச்சது அந்தப் பிள்ளையின்ர பிழை. எவ்வளவு காலம் போயும், அவவின்ர மனம் நோகக் கூடாதெண்டு தன்ர தலையில போட்டுக்கொள்ளுறார்." திரும்பி, இல்லை அன்ரி என்று நான் சொல்லியிருக்கவேண்டும். அவர் என் தோளைத் தட்டினார், நான் புன்னகைத்தேன். சாப்பாட்டுத் தட்டோடு என்னைக் கடந்துபோன அண்ணி ஒரு கணம் நின்று, "நல்லாப் பேசினீங்கள் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இந்த வருடம் நத்தாருக்கு அவர் வீட்டு மேசையில் கேக் இருக்கவில்லை. கடையில் வாங்கிய பிஸ்கற் இருந்தது.

ஆகவே இங்கே எழுதுகிறேன். நான் பெருந்தன்மைக்காரன் இல்லை, யாருடைய பழியையும் என் தலையில் போட்டுக்கொள்ளவும் இல்லை. நடுக்கம்பு வேண்டாம் என்று சொன்னது நான். றோட்டோரத்தில் அதை அடிக்க விடாமல் தடுத்தது நான். எது காரணம் என்று தெரிந்துகொண்டே வேறு காரணம் சொன்னது நான். அண்ணியின் கேக் சொவ்ட்டாக இருக்கவில்லை. பட்டர் சரியான அளவு, மாவு சரியான அளவு, சூடு சரியான சூடு. அன்று அந்த மண்டபத்தில் இருந்த யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து எனக்கு ரெலிபோன் எடுக்காதீர்கள். நார்த்மீட்டுக்குப் போய், அண்ணியிடம் ஒரு கேக்குக்குச் சொல்லுங்கள். நாலு தட்டு.